குதிரைக்குட்டிக்குச் சுட்ட குறி

தம்பி குதிரை வாங்கப்போகிறேன் என்று சொன்னபோது நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். ஏதோ புதுவகை மோட்டார்சைக்கிளின் பெயராக்கும் என்று நினைத்து, "எத்தனை பேர் இருந்து போகலாம்?" என்று கேட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எங்கள் பக்கத்தில் குதிரை என்றால் திருவிழாவில் சுவாமி ஏறிவரும் மரக்குதிரைதான். உயிருள்ள ஒன்றை என் பிள்ளைகள் கிட்டநின்று கண்டதில்லை. நானுந்தான்.

தம்பி சுவிஸில் இருப்பவன். மீசை சரியாக அரும்பாத வயதில் போனான். அங்கே யாரோ ஒரு வெள்ளைக்காரரின் குதிரைப் பண்ணையில் சாணம் அள்ளத் தொடங்கி, கடைசியில் குட்டி ஈனும்போது பக்கத்தில் நிற்கிற ஆளாக ஆகிவிட்டான். கலியாணம் கட்டவில்லை. லீவில் வரும்போதெல்லாம் இரண்டாம் நாளே முகம் வாடிவிடும். இங்கே அவனுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. இந்தமுறை வந்தவன் மட்டும் வேறு ஆளாக இருந்தான்.

"அக்கா, அங்க இருந்தது காணும் எண்டு நான் வந்திடப்போறன். ஆனா வெறுங்கையோட வந்து வரம்பில குந்திக்கொண்டிருக்க என்னால ஏலாது. இஞ்ச மலைநாட்டில ஒரு நல்ல சாதிப் பெட்டைக்குட்டி பாத்து வைச்சிருக்கிறன். கடதாசி என்ர பேரில வந்திட்டுதெண்டால் வேலைய விட்டிட்டு வாறன்."

எனக்குக் குதிரை வேண்டியதில்லை. அவன் வேண்டும். அதனால் அன்று முதல் அந்தக் கடதாசிக்காக நானும் நேர்த்தி வைக்கத் தொடங்கினேன்.

குதிரைக்கு என்ன கடதாசி என்று நான் கேட்டதற்கு அவன் அரைமணி நேரம் விளக்கம் சொன்னான். நல்ல சாதிக் குதிரை என்றால் அதன் தாய் யார், தகப்பன் யார், தகப்பனின் தகப்பன் யார், அவர்கள் எந்த நாட்டில் பிறந்தார்கள் என்றெல்லாம் பதிவு இருக்குமாம். குட்டி பிறந்தால் மிருக வைத்தியர் வந்து நிறத்தையும் அடையாளங்களையும் படத்தில் குறித்து, பிடரிமயிரைப் பிடுங்கிப் பரிசோதனைக்கு அனுப்புவாராம். இதெல்லாம் ஒரு வயது முடிவதற்குள் சரிவரவேண்டும். தவறினால் அது எத்தனை நல்ல இரத்தமாக இருந்தாலும் வெறும் குதிரை. அதன் குட்டிகளும் வெறும் குதிரைகள். பெயருங்கூட நினைத்தபடி வைக்கமுடியாது. அவன் ஆசையாக எழுதி அனுப்பிய முதற்பெயரில் எங்கோ ஒரு குதிரை ஏற்கெனவே ஓடிவிட்டதாம்.

"எங்கட ஊரில பாதிப்பேருக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை. உன்ர குதிரைக்குப் பூட்டன் வரைக்கும் இருக்கு," என்றேன். அவன் அதற்குச் சிரிக்கவில்லை.

மலைநாட்டில் இருந்து லொறியில் குட்டி வந்தது. கனகராயன்குளத்தில் மறித்த பொலிஸ்காரர்கள் கொண்டுவரும் அனுமதியைக்கூடச் சரியாகப் பார்க்காமல் குட்டியோடு நின்று படம் எடுத்தார்களாம். எங்கள் வாசலில் இறங்கியபோது சனம் வேலியோடு நின்றது. செம்மண் நிறம். நெற்றியில் விரலால் தடவினாற்போல் ஒரு வெள்ளை. கால்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். அம்மா கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் அதற்குமுன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே தம்பி மீதி அலுவல்களுக்காகக் கொழும்புக்குப் போனான். அங்கேதான் இந்தக் கதையின் பிழை நடந்தது. பிழை என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அது எங்களில் யாருக்கும் பிழையாகத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் மாடு வளர்க்கிற மனிதர். எங்கள் பகுதியில் ஒரு கன்று பட்டிக்குள் வந்தால் முதல் வேலை குறிசுடுவதுதான். பகலில் காட்டுக்கரையில் மேயப்போகிற மாடு யாருடையது என்பதைத் தொடையில் இருக்கிற குறிதான் சொல்லும். எங்கள் குறி அப்பாவின் பெயரின் முதலெழுத்துகள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குளத்தின்கீழ் காணி எடுத்த காலத்தில் அப்பா அரசாங்கக் கந்தோரில் பதிந்த குறி. இவர் என்னைக் கட்டி இந்த வீட்டுக்கு வந்தபிறகும் அதே இரும்புதான்.

கடைசிச் சண்டை நேரம் பட்டியை அவிழ்த்துவிட்டு ஓடினோம். முகாமில் இருந்து திரும்பி வந்தபோது ஒரு வால்கூட இல்லை. பிறகு மல்லாவிப் பக்கம் யாரோ ஒருவரின் பட்டிக்குள் எங்கள் குறியோடு மூன்று பசுக்கள் நின்றன. இவர் போய் நின்று குறியைக் காட்டினார். அந்த மனிதரும் ஒன்றும் கதைக்காமல் அவிழ்த்துவிட்டார். காணி உறுதி, அடையாள அட்டை, என் படிப்புச் சான்றிதழ் என்று நாங்கள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போன பை எந்தப் பங்கருக்குள் புதைந்ததோ தெரியாது. அன்றிலிருந்து இவருக்குக் கடதாசி மேல் நம்பிக்கை போய்விட்டது.

ஆகவே தம்பி கொழும்பில் நிற்கையில், மச்சானுக்கு உதவி செய்கிறேன் என்று இவர் நெருப்பு மூட்டினார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். இரும்பு பட்டதும் குட்டி போட்ட சத்தம் மாட்டுச் சத்தம் போல இல்லை. அம்மா காதைப் பொத்திக்கொண்டார். பிறகு இவர் புண்ணுக்கு மருந்து பூசிவிட்டு, மெத்தத் திருப்தியாக, "இனி ஆரும் தொடேலாது," என்றார்.

இரவு வீடியோவில் தம்பிக்குக் காட்டினோம். அவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"அத்தான், என்ன வேலை செய்தனீங்கள்? ஆர் உங்களைச் செய்யச் சொன்னது?"

"ஏன் மச்சான்? களவு போனால் உன்ர கடதாசி போய்ப் பிடிச்சுக்கொண்டு வருமோ?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவன் கத்தியதிலும் நியாயம் இருந்தது. நான் போனைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன். எனக்கு வாய்த்த இடம் எப்போதும் அதுதான்.

கொழும்பில் இருந்து வந்த தம்பி இரண்டு நாள் அத்தானோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் மிருக வைத்தியர் வந்தார். இளம்பிள்ளை, இதற்குமுன் குதிரையைப் பதிந்ததில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். குதிரையின் உருவம் அச்சடித்த தாளில் நெற்றி வெள்ளையையும் மயிர்ச்சுழிகள் இருக்கிற இடங்களையும் கவனமாகக் குறித்தார். சுழி என்ற சொல்லைக் கேட்டதும் கோபத்தில் ஒதுங்கியிருந்த என் வீட்டுக்காரர் கிட்ட வந்துவிட்டார். "வெள்ளைக்காரனும் சுழி பாத்துத்தான் வாங்கிறானோ?" என்று கேட்டு, எது நல்ல சுழி, எது குடியைக் கெடுக்கும் சுழி என்று வைத்தியருக்குப் பாடம் எடுத்தார். தம்பிகூட முகத்தைத் திருப்பிச் சிரித்தான். கடைசியில் வைத்தியர் தொடைக்கு வந்தார். குறியைப் பார்த்தார். அதையும் அப்படியே வரைந்தார். வரையாமல் விடச்சொல்லித் தம்பி கெஞ்சினான். "இருக்கிறதை இல்லை எண்டு நான் எழுதேலாது அண்ணை," என்றார் அவர். அதில் பிழை பிடிக்க முடியுமா?

கொழும்பில் இருந்து பதில் வந்தது. மயிர்ப் பரிசோதனை சரி. தாய், தகப்பன் சரி. விற்றவரின் கையெழுத்தும் சரி. ஆனால் தொடையில் இன்னொருவரின் பதிந்த குறி இருப்பதால், அந்தக் குறிக்குரியவர் இந்தக் குட்டியில் தனக்கு உரிமை இல்லை என்று பிரதேச செயலகத்தின் அத்தாட்சியோடு எழுதித்தர வேண்டும்.

குறிக்குரியவர் அப்பா.

கடைசிச் சண்டையில், கடற்கரையில் சனம் சிதறிய நாளில் தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று வாளியோடு போன மனிதர். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். யாரும் அவர் விழுந்ததைக் காணவில்லை. யாரும் அவர் இராணுவத்தின் பஸ்ஸில் ஏறியதையும் காணவில்லை.

பிரதேச செயலகக் கந்தோரில் இருந்த அலுவலர் நல்ல மனிதர். குறியை வேறு பெயருக்கு மாற்றிவிட்டால் புதிய ஆள் எழுதித்தரலாம், அது லேசு என்றார். மாற்றுவதற்கு அப்பாவின் மரணச் சான்றிதழ் வேண்டும். அவர் இறந்துவிட்டார் என்று வீட்டில் ஒருவர் சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தால் அது கிடைக்கும். எங்களிடம் இருந்தது காணாமற்போனவர் என்ற சான்றிதழ். அதை நீட்டினேன். அவர் வாங்கி இரண்டுதரம் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இது மட்டும் காணாது அக்கா. காணாமப் போனவர் நாளைக்கு வந்து என்ர குறி, என்ர குதிரை எண்டு கேக்கலாம்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அம்மாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியோ," என்றார், "கந்தோர்காரருக்கே தெரியுது, அவர் வந்து கேப்பார் எண்டு."

தம்பி பொறுக்கமாட்டாமல் எழும்பினான். "அம்மா, எத்தனை வருசம்? ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். நான் இஞ்ச வந்து உங்களோட இருக்கிறது விருப்பமில்லையோ?"

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. "நான் வைக்கமாட்டன் ராசா. நீங்களும் அவற்ற பிள்ளையள்தானே. நீங்கள் போய் வையுங்கோ. நான் தடுக்கேல்லை."

தடுத்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். சண்டை பிடித்திருக்கலாம். பழியை அவர் தலையில் போட்டிருக்கலாம். அம்மா அந்த வசதியை எங்களுக்குத் தரவில்லை.

குட்டிக்கு ஒரு வயது நெருங்கியது. தம்பி நீட்டி எடுத்த லீவும் முடிகிற நேரம். ஒருநாள் காலை நானும் அவனும் கடதாசிக் கோப்பை எடுத்துக்கொண்டு போனோம். மூத்த பிள்ளை நான்தான், அதனால் சத்தியக் கடதாசி என் பெயரில். அலுவலர் கதிரையை இழுத்துப் போட்டார். எழுதியிருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினார். அப்பாவின் முழுப்பெயர். பிறந்த ஊர். கடைசியாகக் கண்ட இடம். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசி வரிக்கு வந்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இவர் இறந்திட்டார் எண்டு நீங்கள் நம்புறியள். சரிதானே அக்கா?"

சரிதான். எனக்குத் தெரியாதா? என் புத்திக்கு அது எப்போதோ தெரியும். அந்தக் கடற்கரையில் நின்றவள் நான். இந்த ஒரு சொல்லைச் சொன்னால் தம்பி வருவான். மேட்டுக்காணியில் கொட்டில் போடுவான், அம்மாவின் கடைசிக் காலத்தில் பக்கத்தில் இருப்பான், எனக்கும் ஒரு துணை. எல்லாம் எனக்கு விளங்கியது. மேசையில் கிடந்த பேனையை எடுத்துத் திரும்பவும் வைத்தேன்.

"தண்ணி குடிக்கிறியளோ?" என்று அலுவலர் கேட்டார்.

தம்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை என் கதிரையின் பின்புறத்தில் இருந்தது.

"இல்லை," என்றேன்.

"தண்ணியோ?"

"நான் அப்பிடி நம்பேல்லை."

அலுவலர் கடதாசியை மடித்து எங்கள் கோப்புக்குள்ளேயே வைத்துத் தந்தார். விருப்பமென்றால் பிறகு வாருங்கள் என்றார்.

ஓட்டோவில் தம்பி வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். அவன் திட்டவேண்டும் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். எங்கள் ஒழுங்கைக்குத் திரும்புகிற இடத்தில்தான் வாய் திறந்தான்.

"என்னட்டக் கேட்டிருந்தாலும் நானும் அதைத்தான் அக்கா சொல்லியிருப்பன்."

வீட்டில் அம்மா குட்டிக்குப் புல்லு நறுக்கிக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. தம்பியே போய்ப் பக்கத்தில் குந்தினான்.

"அப்பா வந்து எழுதித் தரட்டும் எண்டு விட்டிட்டம் அம்மா."

அம்மா தலையாட்டினார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "சாப்பிட்டியோ?" என்று கேட்டார்.

அடுத்த கிழமை அவன் பழைய பண்ணைக்கே திரும்பிப் போய்விட்டான். குட்டி வளர்ந்து எங்கள் வேலியைவிட உயரமாகிவிட்டது. கடதாசி இல்லாத குதிரை. யாரும் விலைக்குக் கேட்பதில்லை. நாங்கள் கொடுப்பதாகவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி போன் எடுத்தால் முதலில் அதைத்தான் காட்டச்சொல்லுவான். எப்போது வருகிறாய் என்று நான் கேட்பதில்லை. முன்பு இந்த வீட்டில் ஒருவருக்காகக் காத்திருந்தோம். இப்போது இரண்டு பேருக்காக.