பெண்கள் வரிசை

சண்டை நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் நான் பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளராக இருந்தேன். கூட்டத்தில் மனிதர்கள் நெரிபட்டுச் சாவது எப்படி, அதை எப்படித் தடுக்கலாம் என்பதுதான் என் ஆய்வு. கூட வேலைக்குச் சேர்ந்தவர்களில் ஒருத்தி கனடாவுக்கும் ஒருவர் கொழும்புக்கும் போய்விட்டார்கள். மதியம் யன்னலோரமாக இருந்து சோற்றுப் பார்சலைத் தின்பேன். கை கழுவும்போதுதான் காலையிலிருந்து நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது உறைக்கும்.

ஆய்வுக்கு வாவிக்கரை இறங்குதுறை ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். வாவியைக் கடக்கும் மிதவைப் படகை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். மேற்குக் கரையிலிருந்து பாதையில் வருகிறவர்கள் ஒடுக்கமான பலகைத் துறையில் இறங்கி, முள்ளுக்கம்பிகளுக்கு நடுவே நடந்து, இராணுவச் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். ஆண்களுக்கு இரண்டு வரிசை. பெண்களுக்கு ஒன்றுதான். அவர்களைச் சோதிக்க ஒரேயொரு பெண் சிப்பாய்தான் இருந்தாள்.

கொப்பியோடு நின்று ஆட்களை எண்ணினால் சண்டையின் இரண்டு பக்கத்தாருக்கும் சந்தேகம் வரும். அதனால் கைப்பையில் புளியங்கொட்டை கொண்டுபோனேன். ஒரு பெண் சாவடியைத் தாண்டினால் ஒரு கொட்டையைப் பையின் மற்ற அறைக்கு மாற்றுவேன். ஒருநாள் அந்தப் பெண் சிப்பாய் என் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள்.

"இது என்ன?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டாள்.

"புளியங்கொட்டை."

"எதுக்கு?"

"விளையாட."

முப்பது வயது தாண்டிய என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகச் சொன்னாள். அதற்குப் பிறகு துறையில் காத்திருந்த சனம் என் பக்கத்தில் நிற்பதை விட்டுவிட்டது. ஒரு தாய் தன் பிள்ளையைக் கையில் பிடித்து என்னருகிலிருந்து இழுத்துக்கொண்டு போனாள்.

மூன்று கிழமை எண்ணியதில் ஒன்று தெளிவானது. ஒரு தடவை பாதையில் வந்த பெண்கள் சாவடியைத் தாண்டி முடிவதற்குள் பாதை அடுத்த தடவை வந்துவிடுகிறது. சாதாரண நாளில் பரவாயில்லை. அக்கரைக் கோயிலின் தீர்த்தத் திருவிழாவன்று எல்லோரும் பின்னேரம் ஒன்றாகத் திரும்புவார்கள். அப்போது முன்னால் ஒரு வெடிச்சத்தம் கேட்டு வரிசை திரும்பி ஓடினால், துறையில் நிற்பவர்கள் தண்ணீருக்குள் தள்ளப்பட்டு ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள்.

இதையெல்லாம் எழுதி அரச அலுவலகத்தில் ஒரு அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் வாசித்து, மடித்து, என்னிடமே திருப்பித் தந்தார்.

"மிஸ், இதை நான் ஆருக்கு அனுப்புற? ஆமிச் சென்றியடியில எத்தின பேர் நிக்கிறாங்க எண்டெல்லாம் கிடக்கு. இந்தக் கடதாசி உங்கட பையில இருக்கிறதும் நல்லதில்ல."

மிஞ்சியது பாதை ஓட்டுபவர். ஐம்பது வயதிருக்கும். அதுவரை நாங்கள் பேசியதில்லை. நான் சொல்லச் சொல்ல, பாதைக்குள் ஊறிய தண்ணீரை வாளியால் இறைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப துறை வெறுமையாகும் மட்டும் நான் நடு வாவியில நிக்கணும். அவ்வளவுதானே, புள்ள?"

"ஓம் அண்ணன். வெயில்ல சனம் உங்களத்தான் ஏசும்."

"ஏசட்டும். மறுகா மறந்திருவாங்க."

தீர்த்தத்தன்று சொன்னபடியே செய்தார். ஒவ்வொரு தடவையும் நடு வாவியில் கோலை ஊன்றிப் பாதையை நிறுத்தினார். பாதையிலிருந்தவர்கள் அவரை ஏசுவது கரைவரை கேட்டது. நாலாவது தடவை அவர் அப்படி நின்றபோது, வீதிப் பக்கம் பெரிய வெடிச்சத்தம் கேட்டது. கம்பிகளுக்கு நடுவே நின்ற பெண்கள் அத்தனை பேரும் திரும்பி ஓடிவந்தார்கள். துறை வெறுமையாகக் கிடந்தது. பலகைகள் ஆட, நுனிவரை ஓடி நின்றார்கள். இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் விழுந்தார்கள். மற்றவர்கள் குனிந்து கைகொடுத்துத் தூக்கினார்கள். அவ்வளவுதான் நடந்தது. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வரிசை மறுபடி நகர்ந்தது. என்னைக் கடந்து போன ஒருத்தி, சீலையைப் பிழிந்துகொண்டு பக்கத்தில் வந்தவளிடம் சொன்னாள்: "அந்த மனிசன் நேரத்துக்குப் பாதைய விட்டிருந்தா நாம எப்பயோ வீட்ட போயிருப்பம்."

அன்று ஊரடங்கு போட்டதால் அவரைப் பார்க்காமலே திரும்பினேன். அடுத்த மாதம் அக்கரையில் சண்டை தொடங்கி, பாதை நின்றது. அவர் அக்கரைக்காரர். சந்தையிலும் பஸ் நிலையத்திலும் விசாரித்துப் பார்த்தேன். "நீங்க அவருக்கு என்ன சொந்தம்?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

கட்டுரையை எழுதி வெளிநாட்டிலிருந்த என் மேற்பார்வையாளருக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. எழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் நெரிசல் நடந்த ஒரு நாளின் தரவாவது வேண்டும் என்றிருந்தது. நெரிசல் நடக்காமல் ஒருவர் தடுத்ததைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் எழுதினேன். கடைசியில் அவருக்கு நன்றி சொல்லும் இடம் வந்தபோதுதான், அவருடைய பெயரை நான் கேட்கவேயில்லை என்பது தெரிந்தது. 'பாதை ஓட்டுபவர் ஒருவர்' என்று எழுதி, உறையை ஒட்டினேன்.