உப்புத் தண்ணீர் குடித்த புல்

எங்கள் வீட்டு முன்புறப் புல்தரையை என் கணவர் புல்தரை என்று சொல்லவே மாட்டார். ‘கஸோன்’ என்பார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த மிடுக்கு. லாஸ்பேட்டையில் பத்தடிக்குப் பதினைந்தடிப் புல்லை வைத்துக்கொண்டு அந்த மனிதர் அடித்த கூத்து கொஞ்சமல்ல. வாரம் தவறாமல் கத்தரிப்பார். முனிசிபல் குழாய்த் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துத் தெளிப்பார். போர்வெல் தண்ணீரைப் புல்லுக்குக் காட்டவே மாட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவருடைய அலட்டல்களில் அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஒரே பிள்ளை பிரான்சில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடியோ போன் செய்வான். சாப்டியா, மாத்திரை போட்டியா, அப்பாவோட புல்லு எப்படி இருக்கு. மூன்றே கேள்வி. சாப்பிட்டேன், போட்டேன், பச்சையா இருக்கு என்பேன். அதோடு இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். மற்ற நாட்களில் என் குரலை நானே கேட்க வேண்டுமென்றால் பால்காரரிடம் ஏதாவது குறை கண்டுபிடிக்க வேண்டும்.

போன வருடம் ஐப்பசியும் கார்த்திகையும் மழையில்லாமல் ஏமாற்றிவிட்டன. கோடையில் குழாய்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆனது. புல் ஓரங்களில் வெளுக்க ஆரம்பித்ததும் எனக்குப் பகீரென்றது. அவர் விட்டுப்போனவற்றில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? மோட்டாரைப் போட்டு, போர் தண்ணீரைக் காலையும் மாலையும் ஊற்றினேன். புல் இன்னும் காய்ந்தது. போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினேன்.

கடைசியில், பக்கத்து குவார்ட்டர்ஸ் வீடுகளில் தோட்ட வேலை பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டேன். வந்தவள் போர் குழாயைத் திறந்து, ஒரு வாய் தண்ணீரை எடுத்து, உடனே துப்பினாள்.

“ஏம்மா, இந்தக் கரிப்பு கரிக்குது. இதையா ஊத்தினீங்க?”

“வேற எதை ஊத்தறது? வெயில்ல காயுதே.”

“வெயில்ல காயலம்மா. மழை இல்லன்னா இங்க போர்ல உப்பு ஏறிடும். நீங்களேதான் ஊத்தி ஊத்திக் கொன்னுட்டீங்க.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எனக்கு எப்படித் தெரியும்? குடிப்பதும் சமைப்பதும் கேன் தண்ணீரில். போர் தண்ணீர் என் நாக்கில் பட்டு எத்தனையோ வருடம். குளிக்கும்போது சோப்பு நுரைக்கவில்லை என்று மளிகைக் கடையில் சண்டை போட்டு, வேறு சோப்பு வாங்கி வந்தவள் நான். அந்தக் கடைக்காரரிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

“புல்லு இனிமே வேணாம்மா. உப்பு தாங்கறதா வைப்போம்” என்றாள் அவள். யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டேன். அடுத்த மூன்று ஞாயிறும் பிள்ளையிடம் கூசாமல் பச்சை என்றே சொன்னேன். காய்ந்த புல்லை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை அவளை வரச் சொன்னேன். மண்வெட்டியின் முதல் வெட்டு விழுந்தபோது தாங்கவில்லை. சமையலறைக்குப் போய் அழுதேன். அவரை இரண்டாம் முறை வெளியே அனுப்புவது போலிருந்தது. திரும்பி வந்தபோது பாதிப் புல் பாய் போலச் சுருண்டு கிடந்தது. உப்பேறிய மேல் மண்ணை அள்ளிவிட்டுச் செம்மண் போட்டோம். சுவர் ஓரம் அரளி, கேட் பக்கம் ஒரு பூவரசு, நடுவில் கூழாங்கல்லும் கற்றாழையும். கேட்டிலிருந்து வாசல்வரை கல் பதிக்க வேண்டும். வளைத்துப் போட்டால் அழகாக இருக்கும் என்றாள்.

“யாரு வரப் போறாங்க? நேராவே போடு.”

“நீங்க நடக்க மாட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, வளைத்தே போட்டாள்.

அந்த ஞாயிறு போன் வந்தது. சாப்பிட்டேன், மாத்திரை போட்டேன். மூன்றாவது கேள்வி வந்ததும் போன் கேமராவை வீட்டு முன்புறத் தோட்டத்தின் பக்கம் திருப்பினேன்.

“அப்பாவோட புல்லு போயிடுச்சுடா. உப்புத் தண்ணிய ஊத்தி நான்தான் கொன்னுட்டேன். இத்தன வாரமா உங்கிட்ட பொய் சொன்னேன்.”

படம் நின்றுவிட்டதோ என்று போனைத் தட்டிப் பார்த்தேன்.

“அந்தப் புல்லு எனக்கு எதுக்கும்மா?” என்றான் கடைசியில். “உங்கிட்ட வேற என்ன கேக்கறதுன்னு எனக்குத் தெரியல. அதான் வாராவாரம் அதையே கேட்டேன்.”

எனக்கும் அவனிடம் என்ன கேட்பதென்று தெரியவில்லை. அங்கே குளிரா என்று கேட்டேன்.