ஒடித்து நிறுத்திய டயர்

எங்கள் டிராக்டரின் ஸ்டீரிங்கை நான் பிரித்து மாட்டிய வாரத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேச்சை எடுத்தால் நான் பாதிச் சோற்றில் எழுந்து போய்விடுவேன் என்று அவர்களுக்குத் தெரியும். எழுதிவிட்டாலாவது இறங்குகிறதா பார்க்கிறேன்.

பழைய வண்டி. ஸ்டீரிங் வீலைக் கால் சுற்று சுற்றினால்தான் முன் டயர் அசையும், அவ்வளவு ஆட்டம். அதற்குக் காரணமும் நான்தான். ஸ்டீரிங் பெட்டியின் சீல் தேய்ந்து ஆயில் ஒழுகியபோது, ஒழுகாமல் இருக்கட்டும் என்று ஆயிலுக்குப் பதில் கிரீஸை அடைத்துவைத்தேன். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் செய்கிற வேலைதான். கிரீஸ் ஓரத்தில் ஒதுங்கிவிடும், உள்ளே சக்கரப் பல்லும் பல்லும் உரசுகிற இடத்துக்கு வராது என்று யாரும் யோசிப்பதில்லை. இரண்டு வருடம் கழித்துத் திறந்தபோது பழைய புளி மாதிரி கறுத்துக் கட்டியாகக் கிடந்தது.

வண்டியை ஓட்டுகிறவன் என் தம்பி. மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றான். என் கைக்கு என்ன குறைச்சல் என்று எகிறினேன். பெட்டியை டீசலில் கழுவினேன். சீல், பேரிங், தேய்ந்த பற்சக்கரம் எல்லாவற்றையும் மாற்றி, தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில் ஊற்றினேன். கடைசியாகப் பெட்டியின் மேலிருந்த ஸ்குரூவை, ஆட்டம் சுத்தமாக நிற்கும்வரை இறுக்கினேன். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டாத குறை.

மறுநாள் காலை தம்பி கரையாம்புத்தூருக்கு உழவுக்குக் கிளம்பினான். அங்கே தன் அம்மா வீட்டுக்குப் போகவேண்டும் என்று என் மனைவியும் மட்கார்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் அதிகமாக வாங்கிய பேரிங் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க பாகூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் ஒரு காலத்தில் டிராக்டர் பிரித்து மாட்டுகிற வேலை பார்த்தவர். அவரிடமும் என் பெருமையை அளந்தேன். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"டயர நேரா வச்சிகினுதானபா ஸ்குரூவ டைட் பண்ண?"

கொட்டகையில் வண்டி ஒடித்து நின்றிருந்தது. டயர் முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. அப்படியே வைத்துத்தான் இறுக்கினேன்.

இப்போது தலையைத் தூக்கினார். ஒடித்த நிலையில் பல் தளர்ந்திருக்கும், அங்கே இறுக்கினால் டயர் நேருக்கு வரும்போது கடித்துப் பிடித்துக்கொள்ளும் என்றார். "வளைவுல திரும்பிடும். திரும்பி நேராவாது. ரோட்ல உட்றாத."

அவர்கள் போகிற வழி ஏரிக்கரை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஆள் உயரப் பள்ளம். தம்பிக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. மனைவிக்குப் போட்டேன், அதுவும் அப்படித்தான். டிராக்டர் சத்தத்தில் எதுவும் கேட்காது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நம்ப முடியவில்லை.

பைக்கை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் கரை சரிந்திருக்கிறதா, தண்ணீர் கலங்கியிருக்கிறதா என்றுதான் கண் போயிற்று. எந்தச் சாமியையும் விடவில்லை.

பாதிக் கரையில் என் மனைவி தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். வண்டியைக் காணோம். பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

"வண்டி எங்க?"

முதல் வளைவிலேயே வீல் திரும்பி வரவில்லையாம். தம்பி எழுந்து நின்று, பலம் கொண்டமட்டும் இழுத்து நேராக்கியிருக்கிறான். அவளை இறக்கிவிட்டு, பின்னாடி நடந்து வாங்க அண்ணி என்று சொல்லிவிட்டுத் தனியாக ஓட்டிப் போயிருக்கிறான். எனக்குப் போன் செய்யவும் வேண்டாம், நான் போட்டாலும் எடுக்க வேண்டாம் என்று தடுத்துவிட்டானாம்.

கரை முடிகிற இடத்தில் வண்டி நின்றிருந்தது. டயர் கொஞ்சம் ஒடித்தபடியே இருந்தது. தம்பி கீழே உட்கார்ந்திருந்தான். சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது, இரண்டு கையும் நடுங்கின. என்னைப் பார்த்ததும் நடுக்கம் அதிகமாயிற்று. ஏன்டா அங்கேயே நிறுத்தவில்லை, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ செஞ்ச வேலைய கொற சொன்னா கத்துவியேணா. அதான் மெதுவா ஓட்டிகினு வந்துட்டேன்."

அவனுக்கு நாற்பது வயது. இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா.