கல்வெட்டில் நான் எழுதாத பந்தி

முப்பது வருடம் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பித்தேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நல்லூர்ப் பக்கத்து ரியூசன் கொட்டில்களிலும் அதே பாடம். கதையின் திருப்புமுனை எது, காப்பியத்தின் திருப்புமுனை எது என்று கேள்வி வரும். காரணம் காட்டி விடை எழுதப் பழக்குவேன். பக்கத்துக் கொட்டிலில் சரித்திர வாத்தியார் அதே சொல்லை வைத்துக்கொண்டு நாடு நாடாகத் தொண்டை கிழியக் கத்துவார். ஓய்வு பெற்றால் அந்தச் சொல்லிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைத்தேன். தப்ப முடியவில்லை.

ஊரார் என்னைக் கல்வெட்டு எழுதப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவதல்ல. செத்தவரின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகம். முன்னுக்குப் படம், பிறகு தேவாரம், நடுவில் வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி. அந்த நடுப்பகுதிதான் என் தலையில் விழும். "மாஸ்ரர், நீங்கள் ரண்டு பக்கம் எழுதித் தந்தால் காணும்" என்பார்கள். செத்த வீட்டுக்காரரிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

உண்மையைச் சொன்னால், எனக்கு அலுத்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே வாழ்க்கை. பிறந்தார், படித்தார், கலியாணம் முடித்தார், இடம்பெயர்ந்தார், திரும்பி வந்தார், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினார், போய்ச் சேர்ந்தார். நான் வைக்கிற திருப்புமுனை எப்போதும் இடப்பெயர்வுதான். தொண்ணூற்றைந்தாம் ஆண்டுச் சண்டையில், ஐப்பசி மழைக்குள் வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்ததே, அது. அதை எழுதினால் ஒருவரும் பிழை சொல்லமாட்டார்கள். எல்லாரும் அந்த றோட்டில் நடந்தவர்கள்.

கணினி வெளிச்சம் என் கண்ணுக்கு ஒத்துவராது. நான் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி சொல்லச் சொல்ல, மகன் அனுப்பிய லப்ரொப்பில் மனைவி ரைப் அடிப்பாள். அச்சகத்துக்கு அனுப்புவதும் அவள்தான். அச்சாகி வருவதை நான் திறந்தும் பார்ப்பதில்லை. அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன்.

போன வருடம் சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு தோட்டக்காரரின் மனைவி இறந்தார். மகள்மார் தந்த விபரம் அரைத் தாள்கூட வரவில்லை. வெங்காயத் தோட்டம், ஐந்து பிள்ளைகள், வெள்ளிக்கிழமை விரதம். இடப்பெயர்வையும் சேர்த்துப் பார்த்தேன். அப்போதும் பக்கம் நிரம்பவில்லை. "இந்த மனிசிக்குத் திருப்புமுனை எண்டு ஒண்டும் இல்லை. உப்பிடியே விடும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன்.

முப்பத்தொன்று முடிந்து பத்து நாள் போயிருக்கும். ஒரு காலை அந்தத் தோட்டக்காரர் சைக்கிளில் வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். கல்வெட்டை ஒரு சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் அதற்கேற்ற சிரிப்போடு கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் அதில் இருக்கவில்லை.

"மாஸ்ரர், இதை அவ உங்களுக்கு எப்ப சொன்னவ?" என்று ஒரு பந்தியில் விரலை வைத்தார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். "நாவற்குழிப் பாலத்தில் சனம் நெருக்கியபோது சுமையைக் குறைக்கவேண்டி வந்தது. கணவரின் சைக்கிளில் இருந்தவை தேவையானவை. ஆகவே, சிறு வயது முதல் தான் கதைகள் எழுதிவைத்திருந்த மூன்று கொப்பிகளையும் பையிலிருந்து எடுத்துத் தண்ணீருக்குள் விட்டார். அதன்பின் அவர் எழுதவில்லை. அவரது வாழ்வின் திருப்புமுனை இதுதான்."

நான் எழுதியதல்ல. எனக்கு இப்படி நேராக எழுத வராது.

"நானும் பக்கத்திலைதானே சைக்கிள் உருட்டினனான். நான் காணேல்லை, மாஸ்ரர்" என்றார் அவர். "அவ கதை எழுதுறவ எண்டே எனக்குத் தெரியாது. கடிதம் எண்டாலும் பிள்ளையளைக் கொண்டுதான் எழுதுவிக்கிறவ. நாப்பத்தெட்டு வருசம் ஒரு வீட்டிலை இருந்தனாங்கள்." கல்வெட்டை என் கையிலேயே விட்டுவிட்டார். "நான் கோவிக்கேல்லை. அந்தக் கொப்பியளிலை என்ன எழுதினவ எண்டதை மட்டும் சொல்லுங்கோ. எனக்கு அது காணும்."

குறிப்புகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அவர் நம்பித் தலையாட்டினார். தேத்தண்ணி குடிக்கவும் நிற்கவில்லை.

வேறொருவரின் கல்வெட்டிலிருந்து அந்தப் பந்தி தவறி இதற்குள் ஒட்டுப்பட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். லப்ரொப்பில் அப்படி நடக்குமாம். அலுமாரியில் கிடந்த கல்வெட்டுகளையெல்லாம் இறக்கி மத்தியானம் வரை வாசித்தேன். நான் எழுதியதை நானே வாசிப்பது அதுதான் முதல் தடவை. பெரிய தண்டனை. பாதி ஊர் ஒரே ஆளாகச் செத்துப்போயிருந்தது. அந்தப் பந்தி மட்டும் எதிலும் இல்லை.

மனைவி குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இது ஆரின்ரை கதை? எதிலை இருந்து வந்தது?" என்று தோட்டக்காரர் வந்துபோனதைச் சொல்லி, பந்தியைக் காட்டிக் கேட்டேன்.

"ஒண்டிலை இருந்தும் வரேல்லை. நான்தான் போட்டனான்" என்றாள். "அந்த மனிசிக்கு ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டு நீங்கள் நித்திரையாப் போனீங்கள். பாதிப் பக்கம் வெறுமையாக் கிடந்தது. எனக்கு அதைப் பாக்க ஒரு மாதிரி இருந்தது. என்ரையைப் போட்டன்."

எனக்கு அது விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அந்தப் பாலத்தில் என் சைக்கிளின் இரண்டு பக்கமும் உயர்தர வகுப்புக் குறிப்புகள் தொங்கின. தென்மராட்சியில் அவற்றை உலர்த்தி எடுத்து, அடுத்த மாதமே ஒரு மாமரத்தின் கீழ் ரியூசன் தொடங்கினேன். நல்ல பெயர் வந்தது. அவள் மழைக்குள் எனக்குப் பின்னால் வந்தாள் என்பது நினைவிருக்கிறது. அவள் கையில் என்ன இருந்தது என்பது நினைவில் இல்லை.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பியள்? தண்ணிக்குள்ளை இறங்கியிருப்பியளோ?"

"என்ன எழுதினீர்?"

"இப்ப அதை விடுங்கோ." கத்தியைக் கீழே வைத்தாள். "அந்த மனிசன் இதை வாசிப்பார் எண்டு நான் நினைக்கேல்லையப்பா. ஆர் உதுகளை வாசிக்கினம்? பாவம். போய் உண்மையைச் சொல்லிப்போட்டு வாங்கோ."

சொல்லாமல் விடலாமா என்றும் யோசித்தேன். முப்பது வருடம் கதை படிப்பித்தவனுக்கு மூன்று கொப்பிக்குக் கதை கட்டுவது பெரிய வேலையல்ல. கிழவர் சந்தோசமாகக் கேட்டுக்கொண்டு போவார். ஆனால் மிச்சக் காலம் முழுவதும் இல்லாத ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு, கூட வாழ்ந்தவளை அவர் விட்டுவிடுவார். எனக்கு வெட்கமாக இருந்தது. பின்னேரம் சைக்கிளை எடுத்தேன்.

அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்து முடித்துவிட்டுக் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். "ஐயா, அந்தப் பந்தி உங்கடை மனிசியின்ரை கதை இல்லை. பிழை எங்கடை பக்கம். மன்னிக்கவேணும்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். ஏச்சை எதிர்பார்த்து நின்றேன். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பத்து நாளா அவவின்ரை ரங்குப்பெட்டியைக் கிளறிக்கொண்டிருக்கிறன். ஒரு துண்டெண்டாலும் கிடக்குமோ எண்டு" என்றார். பிறகு, "அப்ப இது ஆரின்ரை?" என்று கேட்டார்.

"என்ரை மனிசியின்ரை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்களும் அந்தப் பாலத்திலை நிண்டனீங்களோ?"

"ஓம்."

"நீங்களும் காணேல்லை."

"ஓம், ஐயா. காணேல்லை."

அவர் என்னை ஏசவில்லை. பாவம் பார்த்தார், அதைத்தான் தாங்கமுடியவில்லை. என் சைக்கிள் வரை கூட வந்தார்.

"என்ரையவவுக்கு என்ன இருந்ததெண்டு இனி நான் ஆரைப் போய்க் கேக்கிறது, மாஸ்ரர்?" என்றார். "நீங்கள் இஞ்சை நிண்டு என்னோடை மினக்கெடாதேங்கோ. உங்கடையவ இன்னும் வீட்டிலை இருக்கிறா."