சுல்மாவுக்குக் கொடுத்த இருக்கை

சுல்மா கல்லேவார்ட்டின் இடது காலில், கணுக்காலுக்குச் சற்று மேலே, ஒரு புண் இருந்தது. பதினோரு ஆண்டுகள் தினமும் காலையில் அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டி, இரண்டு கால்களுக்கும் அழுத்தக் காலுறை மாட்டிவிடுவது வீடு வீடாகப் போகும் செவிலியான என் வேலை. மாலை ஆறு மணிக்குப் போய்க் காலுறையைக் கழற்றிவிட்டு வருவேன். புண் ஆறும், மறுபடி திறக்கும். நின்று நின்றே இரத்தக் குழாய்கள் தளர்ந்துபோன கால் அது. வாரம் ஒருமுறையாவது அவளை உட்காரச் சொல்லியிருப்பேன். கேட்க மாட்டாள்.

வாரநாட்களில் அவள் ஓய்வு பெறும் வரை எங்கள் வெய்ன்பேக் ஊரின் சணல் நூற்பாலையில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்வாய்க் கரையில் இருந்த கால்பந்துக் கழகத்தின் கான்டீனில் நின்றாள். அவள் கணவன் கமில் அந்தக் கழகத்தின் கோல்காப்பாளனாக இருந்தவன். பெரிய ஆட்டக்காரன் அல்ல, உயரமானவன், அவ்வளவுதான். நுரையீரல் நோயில் அவன் இறந்தபோது அவளுக்கு நாற்பத்தொன்று. பிள்ளைகள் இல்லை. கழகத் தலைவராக இருந்த இறைச்சிக்கடை நார்பெர்ட் வந்து, கான்டீன் அம்மாள் வேலையை விட்டுவிட்டாள், இரண்டு மூன்று ஞாயிறு மட்டும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். இரண்டு மூன்று ஞாயிறு முப்பத்தெட்டு ஆண்டுகளாக நீண்டது. கூலி கிடையாது. அங்கே யாருக்கும் கூலி கிடையாது. கோடு போடுகிறவர், சீட்டுக் கிழிப்பவர், வலை தைப்பவர் எல்லோரும் அப்படித்தான்.

ஞாயிறு காலையில் தக்காளிச் சூப் கொதிக்கும். அதில் போடும் இறைச்சி உருண்டைகளைச் சனிக்கிழமையே உருட்டி வைத்திருப்பாள். மூன்று மணிக்கு ஆட்டம். மூன்று இருபதுக்கு அலுமினியக் கெண்டிகளில் தண்ணீர் வைப்பாள். மூன்று நாற்பத்தைந்துக்கு நடுவர் ஊதும்போது, எலுமிச்சை வட்டங்கள் மிதக்கும் இனிப்புத் தேநீர் தயாராக இருக்க வேண்டும். வெளியூர் அணியின் அறைக்கு முதலில், சொந்த அணிக்குப் பிறகு, நடுவருக்குக் காப்பி. தோற்றுக்கொண்டிருக்கும் அறையில் எதுவும் பேசாமல் வைத்துவிட்டு வருவாள். முப்பத்தெட்டு ஆண்டுகளில் அந்த ஒழுங்கு மாறியதில்லை. ஆட்டக்காரர்கள் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள், எதிரணிக்காரர்கள் கூட.

அவள் ஓர் ஆட்டத்தையும் பார்த்ததில்லை. சமையல்மேடை ஆடுகளத்துக்கு முதுகு காட்டி இருந்தது. ஜன்னல் கால்வாயைப் பார்த்தது. ஒருமுறை புண்ணைக் கட்டிக்கொண்டே, அப்படியானால் யார் ஜெயிக்கிறார்கள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“காது எதுக்கு இருக்கு? மொத்தமாச் சத்தம் வந்தா நம்ம கோல். ஊன்னு இழுத்தா கம்பத்துல பட்டிருக்கு. சத்தமே இல்லைன்னா அவனுங்க போட்டுட்டாங்க” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சத்தமில்லாத வருஷம்தான் அதிகம்” என்றும் சொன்னாள்.

காய்கறியை உறைய வைத்து விற்கும் ஆலை நடத்தும் ஒரு குடும்பம் எங்கள் ஊருக்குத் தொழில்முறைக் கழகம் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தது. இருபத்து மூவாயிரம் பேர் இருக்கும் ஊர். இரண்டு கழகங்கள் இருந்தன, கால்வாய்க் கரையில் ஒன்று, இரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று எழுபது ஆண்டுகளாகத் திட்டிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் கூரை ஒழுகியது. இரண்டையும் இணைத்து, கால்வாய்க் கரை மைதானத்தைப் புதுப்பித்து, சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களைக் கொண்டுவருவது திட்டம். எங்கள் முறைப்படி உறுப்பினர்கள் கை தூக்கினால்தான் கழகத்தைக் கலைக்க முடியும். கூட்டம் கான்டீனிலேயே நடந்தது. சுல்மா ஒரு கையில் காப்பிக் கூஜாவுடன் நின்றபடி மறு கையைத் தூக்கினாள்.

எதற்குத் தூக்கினாள் என்று மறுநாள் காலை சொன்னாள். வரைபடத்தைத் திரையில் காட்டியிருக்கிறார்கள். கான்டீன் இப்போது இருப்பதைப் போல மூன்று மடங்கு. வீட்டுக்கு வந்து, எத்தனை கோப்பைகள் கூடுதலாகத் தேவைப்படும் என்று கணக்குப் பார்த்திருக்கிறாள். பரணில் இருந்த பழைய கோப்பைகளை இறக்கித் தரச் சொன்னாள். இறக்கிக் கொடுத்தேன். அந்தப் பெரிய கான்டீனில் அவள் இருப்பாளா என்று அவளும் கேட்கவில்லை, மேடையில் இருந்தவர்களும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். சொல்லாததைக் கேட்பது மரியாதை இல்லை. கேட்காததைச் சொல்ல யாருக்கும் தோன்றாது.

மே மாதம் பழைய கான்டீனை இடித்தார்கள். கண்ணாடிக் கட்டடம் எழும்பியது. ஜூன் முழுவதும் அவள் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தாள். நீங்களே போய்க் கேளுங்களேன் என்று இரண்டு முறை சொன்னேன்.

“வேணும்னா அவங்களே கூப்பிடுவாங்க. போய் நின்னா பிச்சை கேக்குற மாதிரி இருக்கும்” என்றாள்.

ஜூலையில் அவர்களே வந்தார்கள். நான் மாலைக் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். புதிய கழகத்தின் மேலாளர் லாண்டர், முப்பத்து நான்கு வயது, இஸ்திரி போட்ட சட்டை, நல்ல பையன்தான். கூடவே நார்பெர்ட். கையில் நாடா கட்டிய பெட்டி. அதற்குள் கழகத்தின் நீலக் கழுத்துத் துண்டு ஒன்றும் சிறிய பித்தளைத் தகடு ஒன்றும் இருந்தன. தகட்டில் அவள் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. மைதானத்தின் மூடிய பக்கத்தில், ஆறாவது வரிசையில், ஓர் இருக்கை ஆயுள் முழுவதும் அவளுக்கு. தகட்டை இருக்கையின் முதுகில் பதிக்கப் போகிறார்கள். நார்பெர்ட் இப்போது கௌரவத் தலைவர். பக்கத்து இருக்கை அவருக்கு.

சுல்மா தகட்டைத் திருப்பிப் பார்த்தாள். “சரி. ரொம்ப நல்லது” என்றாள். பிறகு, “இடைவேளைத் தேநீர் யாரு?” என்று கேட்டாள்.

லாண்டர் சிரித்தான், அன்பாகத்தான். “இப்ப ஆட்டக்காரங்க தேநீர் குடிக்கறதில்லை மேடம். அவங்களுக்கு உப்பு கலந்த பானம், அளந்து கொடுக்கறாங்க. மத்த சாப்பாட்டுக்கெல்லாம் ஒரு நிறுவனம் வருது. நீங்க நின்னது போதும். இனிமே உக்காந்து பாருங்க.”

நான் தரையில் மண்டியிட்டபடி, “நான் பதினோரு வருஷமா சொல்றதை நீங்க ஒரே நாள்ல செஞ்சுட்டீங்க” என்றேன். எல்லோரும் சிரித்தோம். சுல்மாவும் சிரித்தாள். அவள் கால் என் கையில் இருந்தது. விறைத்திருந்தது. நான் அதைக் குளிர் என்று நினைத்தேன், ஜூலை மாதக் கோடையில்.

ஆகஸ்டில் புண் மூடிக்கொண்டது. நிற்பதற்கு ஒன்றும் இல்லை, அதனால் மூடிக்கொண்டது. அதே மாதத்தில் நான்கு கிலோ குறைந்தாள். உணவுத் தட்டுகள் பாதியில் நின்றன. பராமரிப்புக் கோப்பில் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினேன், புண் ஆறியது, எடை குறைந்தது என்று. மருத்துவர் பார்த்துவிட்டுச் சத்துப் பானம் எழுதிக் கொடுத்தார். நானும் அதையே கலக்கிக் கொடுத்தேன்.

செப்டம்பரின் முதல் ஞாயிறு புதிய கழகத்தின் முதல் உள்ளூர் ஆட்டம். நான்கு மணிக்கு. ஊரெங்கும் நீலக் கொடி. அன்று காலை, புண்ணில் நீர் வடிகிறது, போக முடியாது என்றாள். கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். காய்ந்து, இளஞ்சிவப்பாக, பதினோரு ஆண்டுகளில் நான் பார்க்காத அழகில் இருந்தது.

“இது சாக்கு” என்றேன்.

“சாக்குதான்” என்றாள்.

“முப்பத்தெட்டு வருஷம் உழைச்சதுக்குக் கொடுத்திருக்காங்க. போய் உக்காருங்க. வெளிக்காத்து பட்டா பசியும் எடுக்கும்.”

கோயிலுக்குப் போடும் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பொத்தானை நான்தான் மாட்டிவிட்டேன்.

ஆட்டத்துக்கு நான் போகவில்லை. நடந்ததை நார்பெர்ட் சொல்லித் தெரியும். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பார்த்தாள். கோல் விழுந்தபோது, மக்கள் எழுந்து கத்தியபோது, அவரிடம் நமதா என்று கேட்டிருக்கிறாள். நமதுதான். நான்கு இருபதுக்கு எழுந்தாள். கழிப்பறைக்கு என்று அவர் நினைத்தார். படிகளில் இறங்கி, பழைய கான்டீன் இருந்த திசையில் போவதைக் கண்டுதான் பின்னால் போயிருக்கிறார். வயதானவர், கூட்டம் வேறு. அவர் போய்ச் சேர்வதற்குள் பேச்சு பாதி முடிந்திருந்தது. கண்ணாடிக் கதவருகே ஒரு காவலாளி, வெளியூரிலிருந்து வந்தவன், அவளை நிறுத்தியிருந்தான்.

“நீல அட்டை இருந்தாத்தான் உள்ள விடுவேன் மேடம். உங்ககிட்ட இருக்கறது வெள்ளை.”

“தண்ணி வைக்கணும்பா. நேரமாச்சு.”

“உள்ள ஆளுங்க இருக்காங்க. நீங்க உங்க சீட்டுக்குப் போங்க.”

“சரி” என்றாள்.

நார்பெர்ட் அவள் கையைப் பிடித்து வா போகலாம் என்றார். நீ போ, ஆட்டம் ஓடுகிறது, நான் வருகிறேன் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டாள். அவர் போய்விட்டார். அவளோ இருக்கைக்குப் போகாமல் வாயில் வழியாக வெளியே வந்து, கால்வாய்ப் பாதையில் வீட்டை நோக்கி நடந்தாள். மதகுப் பாலத்தின் இரும்புப் படியில் விழுந்தாள். மிதிவண்டியில் வந்த ஒருவர் பார்த்து ஆம்புலன்சை அழைத்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மறுநாள் அறுவை சிகிச்சை. ஊரில் எல்லோரும், பாவம், புத்தி தடுமாறிவிட்டது என்றார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படி எத்தனையோ பேரைப் பார்த்தவள் நான். மருத்துவமனைக்குப் போன முதல் நாளே கிழமை கேட்டேன், மாதம் கேட்டேன், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். எல்லாம் சரியாகச் சொன்னாள், அறுபத்தைந்து வரைக்கும். பிறகு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஏம்மா, எனக்குப் பைத்தியம்னு பாக்குறியா? அங்க கெண்டி இல்லைன்னு எனக்குத் தெரியாதா? நேரமானதும் கால் தானா எழுந்துடுச்சு. எழுந்தப்புறம் எங்க போறதுன்னு தெரியலை. அத்தனை பேர் முன்னாடி திரும்பி வந்து உக்கார வெக்கமா இருந்துச்சு.”

நான் தலையணையைச் சரி செய்தேன். 

மறுநாள் லாண்டரின் அலுவலகத்துக்குப் போனேன். அவனைத் திட்டப் போகவில்லை. திட்டுவதென்றால் என்னையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும். அவளுக்கு ஒரு வேலை வேண்டும் என்றேன். சமையலறைக்குச் சுகாதாரச் சான்றிதழ், நிறுவனத்தின் ஒப்பந்தம், காப்பீடு என்று வரிசையாகச் சொன்னான். எல்லாம் உண்மை. அவன் முகம் வெளுத்திருந்தது. பிறகு, பின்பக்கத்தில் புதுப்பிக்காமல் விட்ட மைதானத்தில் புதன்கிழமை தோறும் குழந்தைகள் அணிக்குப் பயிற்சி நடக்கிறது, அங்கே ஒரு சின்ன அடுப்படி இருக்கிறது, அதில் யாருக்கும் ஒப்பந்தம் இல்லை என்றான். அதை நீயே வந்து அவளிடம் சொல் என்றேன்.

இரண்டு நாள் கழித்துப் பூங்கொத்துடன் வந்தான். அதற்குள் நுரையீரலில் சளி கட்டியிருந்தது; மூக்கில் ஆக்சிஜன் குழாய். அவன் கட்டிலருகே நின்று, குணமாகி வந்ததும் புதன்கிழமைகளில் குழந்தைகளுக்குத் தேநீர் போட்டுத்தர முடியுமா, எங்களுக்கு ஆள் இல்லை என்று கேட்டான். நன்றாகக் கேட்டான், உண்மையாகவே ஆள் தேடுகிறவனைப் போல.

“சரி. ரொம்ப நல்லது” என்றாள் சுல்மா.

ஜூலையில் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன அதே சொற்கள், அதே குரல். இதிலும் அவளுக்கு விருப்பம் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். அவன் போன பிறகு கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று கிளம்ப என் கோட்டை எடுத்தேன்.

“எத்தனை பேருன்னு சொல்லாமப் போயிட்டான்” என்றாள்.

நோயாளிகளிடம் நான் பொய் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த நாள் அதை நினைவு வைத்துக்கொண்டு இன்னொன்று சொல்ல வேண்டும். “சுல்மா, இனிமே உங்களால கெண்டி தூக்க முடியாது. எழுந்து நிக்கறதே சந்தேகம்” என்றேன்.

“அது எனக்குத் தெரியும். நீ எத்தனை பேருன்னு கேட்டுச் சொல்லு.”

தாழ்வாரத்துக்குப் போய் லாண்டரை அழைத்தேன். அவனுக்கும் தெரியவில்லை, பயிற்சியாளரைக் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான். உள்ளே வந்து சொன்னேன், குழந்தைகள் இருபத்து நான்கு, பயிற்சியாளர்கள் இரண்டு.

“இருபத்தாறு” என்றாள். உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டாள். எலுமிச்சை நான்கு போதும், குழந்தைகளுக்குப் புளிப்புக் கூடாது, தண்ணீரைக் கால் மணி முன்னாலேயே இறக்கி வைத்துவிட வேண்டும், சூடாகக் கொடுத்தால் வாய் வெந்துவிடும் என்றாள். எழுதிக்கொள்ளச் சொன்னாள். வேறு தாள் இல்லை. கட்டில் முனையில் தொங்கிய உணவு அட்டையின் பின்பக்கத்தில் எழுதினேன். வாங்கிப் பார்த்து, எலுமிச்சையை விட்டுவிட்டாய் என்றாள். சேர்த்து எழுதினேன்.

விழுந்த பதினோராம் நாள் விடியலில் இறந்தாள். நிமோனியா என்று சான்றிதழில் எழுதினார்கள். அதில் தவறு ஒன்றுமில்லை. உறவினர் யாரும் இல்லாததால் கட்டிலருகே இருந்ததை நானே எடுத்து வைத்தேன், கண்ணாடி, பல்செட்டு, கோயிலுக்குப் போடும் கோட்டு. உணவு அட்டை மருத்துவமனையுடையது, புதிய நோயாளி வரும் முன் அதைக் கழற்ற வேண்டும். கழற்றினேன். பின்பக்கம் என் எழுத்துக்குக் கீழே, நடுங்கிய கையெழுத்தில், சர்க்கரை தனியாக என்று அவளே ஒரு வரி சேர்த்திருந்தாள்.

எட்டு மணிக்கு அடுத்த வீட்டில் இன்சுலின் போட வேண்டியிருந்தது. அட்டையைத் தாள் குப்பையில் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.