சுண்டுவிரலுக்கு ஒரு கீ

எங்க அண்ணி வாயில 'தெரியாது'ங்கற வார்த்தை வந்து நான் பாத்ததில்லை. கல்யாணமாகி எங்க வீட்டுக்கு வந்த அன்னிக்கு, மத்த பெட்டியையெல்லாம் வாசல்லயே விட்டுட்டு ஒரு பையை மட்டும் மாரோட அணைச்சுக்கிட்டு உள்ள வந்தாங்க. நகையா இருக்கும்னு நினைச்சேன். தொறந்தா கீபோர்டு. "இதுதான் எனக்குச் சோறு போடுது. இது பக்கத்துல யாரும் தண்ணி, காபி எதுவும் வைக்கக் கூடாது"ன்னு என்னைப் பாத்துத்தான் முதல்ல சொன்னாங்க. கூடப் பொறந்த தங்கச்சி நான், என் வீட்டுல எனக்கே சட்டமான்னு சுருக்குன்னு வந்துச்சு. எனக்குக் கோபம் மூக்கு நுனியில இருக்கும். அதனாலயே அண்ணி எனக்கு மிளகான்னு பேர் வச்சாங்க. பதினொரு வருஷமா வீட்டுல அதுதான் என் பேர்.

அண்ணியோட வேலை என்னன்னா, காது கேக்காதவங்க பக்கத்துல உக்காந்து, எதிர்ல பேசறவங்க பேச்சை அப்பப்பவே தமிழ்ல டைப் பண்ணிக் காட்டறது. காலேஜ் வகுப்பு, ஆஸ்பத்திரி, பேங்க், எங்க கூப்பிட்டாலும் போவாங்க. லேப்டாப்பைக் காது கேக்காதவங்க பக்கமாத் திருப்பி வச்சுட்டு, தனி கீபோர்டுல அடிப்பாங்க. திரையை அவங்க பாக்கறதே அபூர்வம். பேசறவங்க உதட்டைத்தான் பார்ப்பாங்க. பேசறவர் மூச்சு வாங்கறதுக்குள்ள இவங்க முற்றுப்புள்ளி வச்சிருப்பாங்க.

அப்படிப்பட்டவங்களோட கீபோர்டைத்தான் நான் கொன்னுட்டேன். சனிக்கிழமை மத்தியானம், மாடிக் குழாய் ஒழுகுதுன்னு வீட்டு ஓனர்கிட்ட போன்ல சண்டை. சண்டைன்னா எனக்குக் கையும் சேர்ந்து பேசும். மேஜை மேல இருந்த தண்ணி பாட்டில் சாய்ஞ்சு மொத்தமும் கீபோர்டுக்குள்ள போயிடுச்சு. அண்ணி திட்டலை. கவுத்துப் போட்டு வெயில்ல வச்சாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு தடவை தட்டிப் பாத்துட்டு, "புதன்கிழமைக்கு வேற வாங்கணும். நீயும் கூட வா மிளகா"ன்னாங்க. அதைக் கேட்டப்ப, திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு தோணிச்சு.

புதன்கிழமை மாடி வீட்டு டீச்சருக்கு விசாரணை. கணக்கு டீச்சர், பதினாறு வருஷ சர்வீஸ். போன வருஷம் காய்ச்சல் வந்து படுத்தாங்க. எந்திரிச்சப்ப ரெண்டு காதும் சுத்தமாப் போயிடுச்சு. பேச்சு மட்டும் தெளிவா இருக்கு. காது கேக்காத டீச்சர் எப்படிப் பாடம் நடத்த முடியும்னு ஒரு பெற்றோர் புகார் கொடுத்து, ஸ்கூல்ல மூணு பேர் கமிட்டி போட்டாங்க. அவங்க கேக்கற கேள்விக்கு டீச்சர் அங்கேயே பதில் சொல்லியாகணும், இல்லைன்னா வகுப்பைப் பறிச்சுக்கிட்டு ஸ்டோர் ரூம்ல உக்கார வச்சுடுவாங்க. டீச்சருக்கு அன்னிக்குக் காதுன்னு இருந்ததே அண்ணியோட பத்து விரல்தான். அந்த விரலுக்கு அடியில ஒண்ணும் இல்லாம ஆக்கினது நான்.

திங்கக்கிழமை வேலை முடிஞ்சு நேரா கடைத்தெருவுக்குப் போனோம். அண்ணி கைப்பையில இன்ச் டேப். அந்த ரூம்ல பிள்ளைங்க உக்கார்ற டெஸ்க்தான் கொடுப்பாங்களாம், அதுல லேப்டாப் போக பன்னண்டு இன்ச்தான் மிச்சம். பெரிய கீபோர்டு உக்காராது. அதனால குட்டி மெக்கானிக்கல் கீபோர்டு வேணும், சத்தம் போடாத ஸ்விட்ச் வேணும், அடிச்சா நகராம நிக்கணும். கடைக்காரர் நாலு கீபோர்டை எடுத்துக் கண்ணாடி மேல வரிசையா வச்சார்.

அண்ணி பொருள் பாக்கற அழகே தனி. முதல்ல நாலு மூலையையும் ஒவ்வொண்ணா அமுக்கினாங்க, ஆடுதான்னு. அப்புறம் ரெண்டு கையாலயும் பிடிச்சு, துணி பிழியற மாதிரி லேசா முறுக்கி, காதுகிட்ட வச்சுக் கேட்டாங்க. ஸ்பேஸ்பாரோட இடது நுனியில ஒரு தட்டு, வலது நுனியில ஒரு தட்டு, ரெண்டும் ஒரே சத்தமா வரணுமாம். ஒரு கீயோட மூடியைக் கழட்டி ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடிச்சு, எழுத்து மேலாப்பல அச்சடிச்சதா, உள்ள வரைக்கும் ஊறினதான்னு பாத்தாங்க. ஒயரைச் சொருகி அப்படி இப்படி ஆட்டினாங்க. அடியில இருந்த ரப்பர் காலை நகத்தால கீறினாங்க. கடைக்காரருக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு, அப்புறம் பயம் வந்துச்சு. அவரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"வெள்ளைக்கு ஸ்பேஸ்பார் லொடலொடங்குது. சாம்பலுக்கு ஒயர் சொருகற இடம் ஆடுது, ஆறு மாசத்துல கையோட வந்துடும். ரெண்டையும் எடுத்து வைங்க."

மிச்சம் ரெண்டு. ஒண்ணு கறுப்பு, முழுக்க பிளாஸ்டிக். முறுக்கினப்ப கிறீச்னு கத்துச்சு. இன்னொண்ணு அலுமினிய உடம்பு, கையில வாங்கினா இஸ்திரிப் பெட்டி கனம், முறுக்கினா மூச்சு விடலை. கீயை அமுக்கினா மெத்தையில விழுந்த மாதிரி மெத்துன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ரெண்டுக்கும் நடுவுல அரை இன்ச் வித்தியாசம், அலுமினியம்தான் இன்னும் சின்னது.

"டைப் பண்ணிப் பாருங்கக்கா"ன்னு கடைக்காரர் தன்னோட கம்ப்யூட்டர்ல சொருகிக் கொடுத்தார். அதுல தமிழ் கிடையாது. அண்ணி ஏ-யிலருந்து இசட் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டினாங்க, இருபத்தாறும் வந்துச்சு.

"கறுப்பு நல்லாத்தானே இருக்கு அண்ணி, கீயும் நாலு கூட இருக்கு"ன்னேன் நான். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான்.

"கூட இருந்து என்ன பண்ண? கட்டில் மாதிரி கத்துது. ரூம்ல எல்லாரும் என்னையே திரும்பிப் பார்ப்பாங்க. நீ தண்ணி பாட்டிலைப் பாத்துப் பிடி, போதும்"னாங்க. கடைக்காரர் வேற சிரிச்சுட்டார். அலுமினியத்துக்குப் பில் போட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டீச்சர் எங்க வீட்டுக்கு இறங்கி வந்தாங்க. மறுநாளைக்கு ஒத்திகை. புகார் லெட்டரோட நகல் அன்னிக்குத்தான் கவர்ல வந்திருந்துச்சு, டீச்சர் இன்னும் பிரிக்கலை. அதையே நான் சத்தமாப் படிக்கணும், அண்ணி அடிக்கணும், டீச்சர் திரையில பாக்கணும். சாப்பாட்டு மேஜையில பன்னண்டு இன்ச்சுக்கு சாக்பீஸ் கோடு வேற போட்டிருந்தாங்க அண்ணி.

நான் படிச்சேன். "இந்த ஆசிரியை ஏழாம் வகுப்புக்கு..." அவ்வளவுதான். டீச்சர் கையைத் தூக்கிட்டாங்க. திரையில 'ஏ' ஒரு வரியில நிக்குது, 'ஆம் வகுப்பு' மேல் வரிக்கு ஏறிப்போய், அண்ணி முதல்லயே அடிச்சு வச்சிருந்த பேரு, தேதிக்கு நடுவுல உக்காந்திருக்கு.

அண்ணி கீபோர்டைக் குனிஞ்சு பாத்தாங்க. நானும் பாத்தேன். கீழ் வரிசையோட கடைசியில, வலது கை சுண்டுவிரல் போய் விழற இடத்துல, கேள்விக்குறி போட்ட கீ இருக்கணும். அண்ணி அடிக்கற தமிழ் முறையில 'ழ' அங்கதான் இருக்கு. அந்த இடத்துல மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. இடம் பத்தலைன்னு ரெண்டு கீயை ஒண்ணாக்கிட்டாங்க. கேள்விக்குறியைப் பொடி எழுத்தா மூடியோட முன்பக்கம் அடிச்சிருக்காங்க. வேற ஒரு கீயையும் சேர்த்து அமுக்கினாத்தான் 'ழ' விழும். இங்கிலீஷ் அடிக்கறவங்களுக்கு அது எதுக்கோ எப்பவோ தேவைப்படற கீ. நமக்கு அது இல்லைன்னா தமிழ்னு கூட அடிக்க முடியாது.

நாலு மூலையை அமுக்கினவங்க, முறுக்கிக் காதுல வச்சவங்க, எழுத்து இருக்கான்னு பாக்கலை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு, டீச்சர் முகத்தைப் பாத்து அடக்கிக்கிட்டேன்.

ரெண்டு கீயைச் சேர்த்து அமுக்கிப் பாத்தாங்க. ஒவ்வொரு 'ழ'வுக்கும் கை தடுக்கிச்சு, நாலு வார்த்தை பின்னால தங்கிச்சு. கீயை இடம் மாத்தி அமைக்கற வசதி இதுல இல்லைன்னு பெட்டியிலயே போட்டிருந்துச்சு. ஆனா அண்ணி அசருவாங்களா? "ஒண்ணும் பிரச்சினை இல்லை. 'ழ' வர்ற இடத்துல 'ள' அடிச்சுட்டுப் போறேன். பாதிப் பேர் பேசறதே அப்படித்தான். படிக்கறவங்களுக்குப் புரியும். நீ படி மிளகா."

படிச்சேன். இப்ப வேகம் பிரமாதம். 'ஏளாம் வகுப்பு', 'வளக்கம்', 'ஒளுங்கு', எல்லாம் டீச்சருக்குப் புரிஞ்சுது, தலையாட்டிக்கிட்டே வந்தாங்க. கடைசி வரிக்கு வந்தப்ப எனக்கே நாக்கு எழலை. இருந்தாலும் படிச்சேன். "இவர் எங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தை அழிக்கிறார்."

டீச்சர் திரையைப் பாத்தாங்க. இன்னொரு தடவை பாத்தாங்க. அப்புறம் சிரிச்சாங்க. ஆறு மாசத்துல அவங்க அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லை.

"பரவாயில்லையே, எதிர்காலத்தை அளிக்கிறார்னு எழுதியிருக்காரே. திட்டத்தான் போறார்னு நினைச்சேன். நாளைக்கு முதல் வேலையா அவருக்கு ஒரு நன்றி சொல்லிடணும்."

அண்ணி கீபோர்டு மேல வச்ச கையை எடுக்கவே இல்லை. அப்புறம் மெதுவா என் கையில இருந்து லெட்டரை வாங்கி, அந்த வரியில விரலை வச்சு டீச்சர்கிட்ட நீட்டினாங்க. டீச்சர் படிச்சாங்க. சிரிப்பு போன இடம் தெரியலை. லெட்டரை மடிச்சு மடியில வச்சுக்கிட்டு, சாக்பீஸ் கோட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

"தப்பு என்னோடது டீச்சர்"னு அண்ணி வாயால சொல்லிட்டு, அவங்களுக்குக் கேக்காதுங்கறது ஞாபகம் வந்து, அதையும் டைப் பண்ணினாங்க. அதுல 'ழ' இல்லை. நல்லவேளை.

அஞ்சு மணிக்குக் கடையில நின்னோம். "வித்த பொருளைத் திருப்பி வாங்கறதில்லைக்கா"ன்னார் கடைக்காரர். சண்டைக்கு நான் தயாரா இருந்தேன். அண்ணி என் தோளை அமுக்கிட்டு, "நேத்து உங்ககிட்ட உடம்பை மட்டும் பாத்து வாங்கிட்டேன், வாய் பேசுதான்னு பாக்கலை. உங்க மேல தப்பு இல்லை"ன்னாங்க. தன் லேப்டாப்பை எடுத்துக் கண்ணாடி மேல வச்சு, அலுமினியத்தைச் சொருகி, "உங்க பேரை இதுல அடிங்க"ன்னாங்க. எந்தக் கீ எந்த எழுத்துன்னு சொல்லிக் கொடுத்துக்கிட்டே நின்னாங்க. அந்த ஆள் பேர்ல ஒண்ணுக்கு ரெண்டு 'ழ' இருந்துச்சு. அண்ணிக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, பில்லுல அச்சடிச்சிருக்கு. ரெண்டு தடவை அவர் பேர் அந்தரத்துல ஏறிப் போனதைப் பாத்துட்டு, பேசாம, அந்த இடத்துல கேள்விக்குறி கீ தனியா இருக்கற கறுப்பை எடுத்துக் கொடுத்தார்.

"கத்துமேக்கா."

"கத்தட்டும்."

புதன்கிழமை டீச்சருக்குத் துணைன்னு நான் போனேன். வாயைத் திறக்க மாட்டேன்னு அண்ணிகிட்ட சத்தியம் பண்ணிட்டுத்தான் போனேன். சின்ன ரூம், அலமாரி நிறைய பழைய பரீட்சைப் பேப்பர். எதிர்ல தலைமை ஆசிரியரையும் சேர்த்து மூணு பேர், ஓரத்துல புகார் கொடுத்தவர். டெஸ்க்ல லேப்டாப்பும் கறுப்பு கீபோர்டும் ஓரம் தொங்காம உக்காந்துச்சு. அண்ணி ஒவ்வொரு தடவை உள்ளங்கையை ஊனும்போதும் கிறீச். மூணு பேரும் திரும்பிப் பாத்தாங்க. அண்ணி அவங்க உதட்டைப் பாத்துக்கிட்டு அடிச்சுக்கிட்டே இருந்தாங்க.

புகார் கொடுத்தவர் எந்திரிச்சார். நல்ல மனுஷன்தான், பயந்த மனுஷன். "எம் பையன் கை தூக்கிக் கேள்வி கேட்டா இவங்களுக்குத் தெரியலை. சுத்தி வளைச்சுப் பேச வரலை எனக்கு. பிள்ளைங்களோட எதிர்காலத்தை இவங்க அழிக்கறாங்க."

அண்ணியோட சுண்டுவிரல் கீழ இறங்கிச்சு. ஒரு நொடி கூடத் தங்கலை. கிறீச்னுது. திரையில 'அழிக்கறாங்க'ன்னு விழுந்துச்சு, அப்படியே, ஒரு எழுத்து குறையாம.

டீச்சர் படிச்சாங்க. நேரா அவரைத் திரும்பிப் பாத்தாங்க.

"அழிக்கறேன் சார். தினமும் அழிக்கறேன். முன்னாடி நான் கேள்வி கேப்பேன், சத்தமாப் பதில் சொல்றவன் குரல் மட்டும்தான் என் காதுல விழும். மத்தவன் தப்பாப் போட்டானா, போடவே இல்லையா, எனக்குத் தெரியாது. இப்ப நாப்பது பேரும் முறை வச்சு போர்டுல வந்து போடறாங்க. உங்க பையன் பின்னத்துல மேலயும் கீழயும் மாத்திப் போடுவான். முன்னாடி ஆறாம் வகுப்புல ஒரு வருஷமா எனக்கு அது தெரியலை, போன மாசம்தான் கண்ணுல பட்டுச்சு. அந்தத் தப்பைத்தான் அழிச்சேன். டஸ்டரால. வேற எதையும் நான் அழிக்கலை."

அண்ணி கை தூக்கினபடி காத்துக்கிட்டு இருந்தாங்க. புகார் கொடுத்தவர் உக்காந்துட்டார். "இப்ப நேராப் போடறானா?"ன்னு கேட்டார். அண்ணி அதையும் அடிச்சாங்க. "போடறான். நோட்டைப் பாருங்க"ன்னாங்க டீச்சர்.

மூணு பேரும் தலையைச் சாய்ச்சுப் பேசிக்கிட்டாங்க. அப்புறம் தலைமை ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கிட்டு, டீச்சரைப் பாக்காம பேப்பரைப் பாத்துச் சொன்னார்: "பழையபடி ஏழாம் வகுப்பை அவங்களே எடுக்கட்டும்."

அந்த ஒரு வரியில ரெண்டு 'ழ'. ரெண்டு தடவையும் கறுப்பு கீபோர்டு கட்டில் மாதிரி கத்துச்சு. அது கேக்காத ஒரே ஆள் டீச்சர்தான். திரையில 'பழையபடி' விழுந்ததுமே அவங்க பேனாவை மூடிட்டாங்க. வரி முடியறதுக்குள்ள எந்திரிச்சு, மணியைப் பாத்து, "அஞ்சாவது பீரியடு எனக்குத்தான்"னு சொல்லிட்டு வகுப்புக்குப் போயிட்டாங்க.