எடை காட்டாத எடை மெஷின்

தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸின் மாடிவீட்டு அக்கா ஒரு பழைய எடை மெஷினை வாங்கி வந்தார். செங்கல்பட்டில் மூடிவிட்ட ஒரு சினிமாக் கொட்டகை வாசலில் நின்றது அது. காசு போட்டால் விளக்குகள் மின்னி, சக்கரம் சுற்றி, ஒரு பக்கம் எடையும் மறுபக்கம் ராசிபலனும் அச்சிட்ட சின்ன அட்டையைத் துப்பும். எடை பார்க்கும் பகுதி கெட்டுவிட்டது. துப்பும் பகுதி நன்றாக இருந்தது, அக்காவுக்கு அது போதும்.

அக்கா படம் வரைவார். மாமல்லபுரத்தில் படம் விற்கும் கடைகளுக்குள் வெளியூர்க்காரர்கள் மட்டுமே நுழைவதைப் பார்த்து அவருக்கு ஆத்திரம். "பஸ்ஸுக்கு நிக்கிறவங்க வீட்டுக்கு காலண்டர் மட்டும் போதுமா?" என்பார். அட்டை அட்டையாக மையால் வரைந்து மெஷினில் அடுக்கி, அங்கே பஸ் ஸ்டாண்ட் டீக்கடை வாசலில் வைத்துவிட்டார். ஒரு ரூபாய்க்கு ஒரு படம். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. அந்தத் துணிச்சல் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

வந்தவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு மெஷின் மேல் ஏறி நின்றார்கள். 'படம்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தும் ஏறினார்கள். அட்டை வந்ததும், "இன்னா அண்ணாத்த, வெயிட்டே காணோம்?" என்று டீக்கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பேஜாரு தாங்கல மேடம். அடுத்த ஞாயித்துக்கெழம இத்த எடுத்துகினு போயிடுங்க" என்றார் அவர்.

அட்டை நிரப்பப் போகும்போதெல்லாம் அக்கா முதலில் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். வீசிவிட்டுப் போன படங்கள் கிடக்கும். பொறுக்கி, தூசி தட்டி, மறுபடியும் உள்ளே வைப்பார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது, கூடப் போகும் நான்தான் வீசியவர்களைத் திட்டித் தீர்ப்பேன். "ஒரே ஒருத்தராவது வச்சுக்கிட்டா போதும்" என்று திரும்பும் பஸ்ஸில் ஒருமுறை சொன்னார்.

அந்த ஞாயிறு, நாங்கள் இறங்கியதுமே மீன் விற்கும் அம்மா ஒருவர் கையில் அட்டையோடு நேராக வந்தார்.

"நீதான் இத்த வரைஞ்சியா? படகு கீது, ஆளு எங்க? எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போயிருக்காரு. எனக்குப் போயி காலி படகு வருதே!"

ராசிபலன் சொன்ன மெஷின் அல்லவா, படத்தையும் பலனாகவே எடுத்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் வாங்கியதாம். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம்.

நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். அட்டையை டீக்கடை மேஜையில் வைத்து, பேனாவை எடுத்து, படகில் ஓர் ஆளை நிற்க வைத்தார்.

அந்த அம்மா உற்றுப் பார்த்தார். "இவ்ளோ குட்டை இல்ல அவரு. நல்லா உசரம். மீசையும் போடு."

மையை அழிக்க முடியாது. அக்கா தலையில் ஒரு பெரிய முண்டாசைக் கட்டி உயரத்தைக் கூட்டினார், மீசையும் வைத்தார்.

"ஆங், இப்போ அவருதான்." சிரித்துக்கொண்டே அட்டையைச் சுருக்குப் பைக்குள் வைத்து, அதன் வாயை இறுக்கி, இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த டீக்கடைக்காரர் மெஷினை எடுக்கச் சொல்லவில்லை. அன்று அக்கா பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்க்கவும் இல்லை.